பலூன் இல்லாத முப்பத்தொன்று

“முகத்தைக் காட்டச் சொல்லு சுமதி, முகத்தை!”

என் கணவர் குகனின் அக்கா பவளம், நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவர், என் மகளின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒஸ்லோவில் ஓர் ஆசுப்பத்திரி, பச்சைக் குழந்தைகளுக்கான பிரிவு. மகள் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. முதுகில் ஒப்பரேஷன் முடிந்து, அடிவயிற்றுக்குக் கீழே துணிச் சுருள் ஒன்றை முட்டுக் கொடுத்து, அவளைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். மச்சாள் இந்தப் பக்கம் வந்தால் பிடரி தெரிந்தது. அந்தப் பக்கம் போனால் ஒரு காதும் கொஞ்சம் கன்னமும் தெரிந்தன.

“பச்சைப் பிள்ளையைக் குப்புறப் போடுறதோ? மூச்சு முட்டாதோ? ஆர் இவங்களுக்குப் படிப்பிச்சது?”

“காயம் முதுகிலை மச்சாள். இப்பிடித்தான் படுக்கோணும்.”

“அப்ப சரிச்சாவது போடு. நான் சுறாப் புட்டும் அவிச்சுக்கொண்டு ரெண்டு ரெயில் மாறி வந்தனான், பிடரியைப் பாக்கவோ?”

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். தாதி மாரித் எங்கிருந்து வந்தாரோ தெரியாது. நீட்டிய கையைப் பிடித்து, சிரித்தபடியே மச்சாளின் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார். மச்சாளுக்கு மூக்கின் மேல் கோபம். “சிரிச்சுச் சிரிச்சுக் கையைப் பிடிக்கிறாள் பார்” என்றார். எனக்கோ ஒப்பரேஷன் செய்த வயிறு வலித்தது. மார்பில் பால் கட்டியிருந்தது. சுறாப் புட்டின் வாசம் முழு அறையையும் நிறைத்திருந்தது. அந்த நேரம் யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆளில்லாத ஒரு தீவில் போட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

போன கிழமை இந்தத் தொடரில் நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட்டின் பனிக்கால நடைபாதைகளைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்த வாசகி ஒருவர், “உங்கள் மகளைப் பற்றி மட்டும் ஏன் எழுதுவதே இல்லை?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எழுத உட்கார்ந்தால் அன்பு வருவதற்கு முதல் எரிச்சல் வந்து நிற்கிறது, அதுதான் காரணம். இந்த முறை எரிச்சலோடேயே எழுதிவிடுகிறேன். மகள் ஆதிரைக்கு இப்போது விளங்கும் வயது. தன்னைப் பற்றி எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறாள், “மாமி ஆக்களை மட்டும் வடிவா எழுதுங்கோ அம்மா” என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது கடினம்.

தமிழில் பேர் வைக்காத ஒன்று

வயிற்றில் பிள்ளை தங்கிய ஆரம்பக் கிழமைகளிலேயே முள்ளந்தண்டு முழுக்க மூடிக்கொள்ள வேண்டுமாம். தாய்க்குத் தான் தாய் என்றே தெரியாத நாட்களில் நடந்து முடிகிற வேலை அது. ஆதிரைக்கு இடுப்புக்குச் சற்று மேலே ஓரிடத்தில் அது மூடவில்லை. நரம்புகள் ஒரு மெல்லிய பைக்குள் வெளியே வந்திருந்தன. ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். நோர்வேக்காரர் தங்கள் மொழியில் ஒரு நீளமான பேர் வைத்திருக்கிறார்கள், குகனுக்கு அதுதான் வாயில் வரும். எங்கள் வீட்டுத் தமிழில் அதற்கு ஒரு பேரும் இருக்கவில்லை. பேர் இல்லாததை மறைப்பது சுகம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஸ்கானில் முதலே தெரிந்துவிட்டது. வைத்தியர்கள் ஒளிக்காமல் எல்லாம் சொன்னார்கள். கால் பெலன் குறையலாம். சிறுநீர்ப்பை தானாக வேலை செய்யாமல் விடலாம். தலையில் நீர் கட்டலாம். என்ன முடிவு எடுத்தாலும் கூட நிற்போம் என்றார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் அழுது, பிள்ளையைப் பெறுவது என்று முடிவெடுத்தோம். எப்படி எடுத்தோம் என்பதை இந்தத் தொடரில் எழுத மாட்டேன், அது எங்கள் இருவருக்கும் உரியது.

அந்த முடிவைப் போய் மச்சாளிடம் சொன்னோம். சொல்லாமல் இருக்க முடியாது. தாய் தகப்பனை இழந்த குகனைப் பதின்ம வயதில் நோர்வேக்கு எடுத்து, விடியப்புறத்தில் கம்பனிக் கந்தோர்களைத் துப்புரவாக்கி, பகலில் உணவகத்தில் பாத்திரம் கழுவி, அவரைப் படிக்க வைத்தவர் மச்சாள். அதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. மறக்க அவர் விடவும் மாட்டார்.

மச்சாள் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “விற்றமின் மாத்திரை ஒழுங்காப் போட்டனியோ?” என்றார். போட்டேன் என்றேன். “பச்சை இலை சாப்பிட்டனியோ?” சாப்பிட்டேன் என்றேன். ஏன் வந்ததென்று வைத்தியருக்கே சொல்லத் தெரியவில்லை என்றேன். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

“ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தீபிகாவுக்குக் கதைச்சுக்கொண்டிருக்கிறம்.”

தீபிகா மச்சாளின் மகள். மருந்துக்கடையில் வேலை செய்கிற கெட்டிக்காரி. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் ஒரு குடும்பத்தோடு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாதகம் பொருந்திவிட்டது, பெடியனும் பெட்டையும் இரண்டு தரம் கோப்பி குடித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் ‘தாய்மாமன்ர பிள்ளைக்கு ஏதோ பிறவி வருத்தமாம்’ என்று ஒரு கதை போனால் பரம்பரை என்று சொல்லி நழுவிவிடுவார்கள் என்பது மச்சாளின் பயம். நம் ஆட்களை அறிந்தவர்களுக்கு அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை என்பதும் தெரியும்.

“முதுகிலை ஒரு சின்னக் கட்டி. எடுக்கப் போகினம். அவ்வளவுதான்” என்று மச்சாள் தீர்ப்புச் சொன்னார்.

குகன் பஸ் ஓட்டுனர். இரண்டு பெட்டி நீளமான பஸ்ஸைப் பனிச் சறுக்கலில் ஏற்றத்தில் ஏற்றிவிடுவார். குடித்துவிட்டு ஏறுகிறவனை ஒரு பார்வையில் இறக்கிவிடுவார். அக்காவுக்கு முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. தலையை ஆட்டினார். மறைக்கிறதற்கு என் பிள்ளை என்ன களவெடுத்த பொருளா?

ஆளுக்கொரு கட்டிக் கதை

பிறகு வந்தார்கள் பாருங்கள் சனங்கள். நம்மவர்கள் ஆசுப்பத்திரி என்றால் கோயில் திருவிழா மாதிரி. பிரிவுக்குள் விட மாட்டார்கள் என்று தெரிந்தும் வருவார்கள், வெளியே கதிரைகளில் வரிசையாக இருந்து பழச்சாறும் பாணும் வைத்துவிட்டுக் கட்டியைப் பற்றிக் கதைப்பார்கள்.

“என்ர மூத்தவருக்கும் முதுகிலை கட்டி. எடுத்துப்போட்டு இப்ப பனியிலை ஸ்கீ ஓடுறார்.”

“கட்டியெண்டால் சூடு. நீர் அன்னாசி சாப்பிட்டனீரோ?”

“மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டா வெட்டாமலே போயிருக்கும்.”

ஒருவர் தன் சட்டையை உயர்த்தித் தன்னுடைய கட்டித் தழும்பையே காட்டினார். நான் “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே என் மகளின் முதுகில் நரம்பு வைத்தியர் மணிக்கணக்காக நின்று தைத்த காயம். வெளியே நான் அன்னாசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யைச் சொன்னவர் மச்சாள், அதற்குக் காவல் இருந்தவள் நான். ஒருநாள் தாங்க முடியாமல் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, துவாயைக் கடித்துக்கொண்டு கத்தினேன்.

மச்சாளுக்கு மட்டும் உள்ளே வர அனுமதி இருந்தது. நாள் தவறாமல் வந்தார். பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்குத் தண்ணீர், பத்தியக் கறி, சுறா வறை. ஆனால் மாரித் காயத்தின் கட்டைப் பிரிக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுவார். “எனக்கு உதுகளைப் பாத்தால் தலை சுத்தும்.” கட்டி முடித்த பிறகுதான் திரும்ப வருவார்.

நாடாவும் குழாயும்

இப்படிப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதென்றால் என்ன வேலை என்று பலர் பின்னாளில் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். மற்றக் குழந்தைகளுக்குச் செய்கிற எல்லாம்தான், ஆனால் ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்க வேண்டும். தூக்கும்போது முதுகில் கை படாமல் முன்கையில் குப்புறத் தாங்கித் தூக்க வேண்டும். மலம் காயத்துக்கு ஏறாமல் இடையில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி வைக்க வேண்டும். பால் கொடுப்பதற்கு நானும் மாரித்தும் சாய்ந்தும் சரிந்தும் எத்தனையோ கோலம் போட்டோம். கடைசியில் நான் மல்லாந்து கிடக்க, அவள் என் நெஞ்சின் மேல் குப்புறக் கிடந்து குடித்தாள். அன்றுதான் அவளுடைய முழு முகத்தையும் கிட்டத்தில் பார்த்தேன். மூக்கு குகனுடையது. கோபமும் குகனுடைய குடும்பத்தினுடையதுதான், குடிக்கும்போதே புருவத்தைச் சுருக்கினாள்.

நாள்தோறும் தலையைச் சுற்றி நாடா வைத்து அளப்பார்கள். அந்த நாடாவை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மாரித் அளந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் அளந்தால், நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். தலை வளர்ந்தது. வளர வேண்டியதைவிடக் கெதியாக வளர்ந்தது. உச்சி புடைத்தது. காதுக்குப் பின்னால் தொடங்கித் தோலுக்கு அடியால் வயிறு வரைக்கும் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள், தலையில் சேர்கிற நீர் அதன் வழியாக வடியும். இரண்டாவது ஒப்பரேஷன். குகன் அன்றைக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, வாசலில் சீருடையோடே நின்றார்.

சிறுநீரை நாங்களே சின்னக் குழாய் வைத்து எடுக்கவும் பழக்கினார்கள். முதல் தடவை மாரித் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். குகன் என்னைவிடக் கெதியாகப் பழகிவிட்டார். அதில் எனக்கு ஒரு பொறாமை.

வீட்டுக்கு விடும்போது மாரித் முக்கியமாக ஒன்று சொன்னார். ரப்பர் கூடாது. இப்படிப் பிறக்கிற பிள்ளைகள் பலருக்கு நாளடைவில் ரப்பர் ஒவ்வாமல் போகிறது. ஒப்பரேஷன்கள், குழாய்கள், கையுறைகள் என்று உடம்பு பட்டுப் பட்டு ஒருநாள் எதிர்க்கத் தொடங்கும், சிலருக்கு மூச்சே அடைக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே தள்ளி வைக்கவேண்டும். கையுறை, வாயில் வைக்கிற சூப்பி, எல்லாவற்றையும் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றிலும் மோசம் பலூன். வெடித்தால் அதிலுள்ள தூள் காற்றில் பரவி மூச்சோடு உள்ளே போகும்.

நான் அப்போது சிரித்தேன். பச்சைப் பிள்ளைக்கு யார் பலூன் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நம் ஆட்களை மறந்துபோன ஒரு கணம் அது.

மண்டபம் கிடைத்த சனிக்கிழமை

பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, அதாவது தீட்டுக் கழிக்கிற சடங்கு. ஊரில் அது வீட்டோடு முடிகிற காரியம். ஒஸ்லோவில் முப்பத்தொன்று என்பது மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமை. எங்களுடையது இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது, ரொம்மனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மச்சாள்தான் எல்லாம் ஏற்பாடு. தம்பியின் முதற்பிள்ளை அல்லவா. அதோடு லில்லெஸ்ட்ரோம்காரரையும் கூப்பிட்டிருந்தார், இரண்டு குடும்பமும் முறையாகச் சந்திக்க ஒரு சாட்டு வேண்டுமே.

நான் குகனிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்பினேன்: பலூன் வேண்டாம்.

அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னது என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரியும். “அக்கா, சுமதிக்குப் பலூன் பிடிக்காது.” சின்னக் கட்டி எடுத்த பிள்ளைக்கு ரப்பர் ஏன் கூடாது என்று சனம் கேட்டால் அக்காவிடம் பதில் இல்லையே, அதனால் காரணத்தை விட்டுவிட்டார். மச்சாளுக்கோ, பிடிக்காது என்பது ஒரு காரணமே இல்லை. நான் பிறந்தது மட்டக்களப்பில்; மட்டக்களப்பாளுக்கு என்ன தெரியும், படம் எடுக்க வடிவாக இருக்க வேண்டாமா என்று விட்டுவிட்டார்.

மாசி மாதம். வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. தள்ளுவண்டியில் ஆதிரை நித்திரை. மண்டபக் கதவைக் குகன் திறந்து பிடித்தார். வாசலிலேயே ஒரு வளைவு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பலூன்கள். மேடையில் தொட்டிலுக்கு மேலே இன்னொரு வளைவு. கதிரைகளின் முதுகில் இரண்டிரண்டு. தரையில் உருண்டுகொண்டிருந்தவற்றைச் சின்னப் பிள்ளைகள் ஏறி மிதித்து வெடிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். டப். டப். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

நான் வண்டியை இழுத்துக்கொண்டு அப்படியே பின்னால் போனேன். முற்றத்தின் மறு கரை வரைக்கும் போய்த்தான் நின்றேன்.

“போய்ச் சொல்லுங்கோ” என்றேன் குகனிடம். “ஏனெண்டும் சொல்லுங்கோ.”

“லில்லெஸ்ட்ரோம் ஆக்கள் முன் வரிசையிலை இருக்கினம் சுமதி.”

“இருக்கட்டும்.”

“மெல்லமாக் கழட்டச் சொல்லுறன். காரணம் பிறகு...”

“பிறகு எண்டால் எப்ப? இவள் மூச்சு விடாமல் கிடக்கேக்கையோ?”

சத்தமாகத்தான் கேட்டேன். புகை பிடிக்க வெளியே நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குகனின் முகம் வெளிறியது. எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, அறையவேண்டும் போலவும் வந்தது. அவர் அசைவதற்குள் மச்சாளே வந்துவிட்டார், பட்டுச் சீலையோடு, கோட்டும் இல்லாமல், கோபம் தந்த சூட்டில்.

“என்ன விளையாட்டு இது? சனம் பாத்துக்கொண்டிருக்கு. பச்சை உடம்புக்காரி, பிள்ளையைக் குளிருக்கை வைச்சுக்கொண்டு!”

“பலூன் இருக்கிற இடத்துக்கு இவள் வரமாட்டாள் மச்சாள்.”

“பலூன் பிடிக்காட்டி கண்ணை மூடிக்கொண்டு வா!”

காருக்குள்

எனக்கு என்ன வந்ததோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்குள் ஏறி, “நீங்களும் ஏறுங்கோ” என்றேன். அந்தக் குரலை நானே அதுவரை கேட்டதில்லை. மச்சாள் ஏறினார். குகன் முன்னால் ஏறிச் சூட்டைக் கூட்டினார். காருக்குள் சூடு பிடித்ததும் ஆதிரையை என் மடியில் குப்புறப் போட்டு, உடுப்பை உயர்த்தினேன்.

“பாருங்கோ.”

மச்சாள் ஜன்னல் பக்கம் திரும்பினார். “எனக்குத் தலை சுத்தும்.”

“சுத்தட்டும். பாருங்கோ.”

பார்த்தார். அந்தச் சின்ன முதுகில் பாதிக்கு மேல் தழும்பு. அந்த நேரமும் சிவந்துதான் இருந்தது. தோலை இரண்டு பக்கத்தாலும் இழுத்துச் சேர்த்த இடம் நன்றாகத் தெரிந்தது. கீழே கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அசையாமல் கிடந்தன. தலைத் தொப்பியைக் கழற்றிக் காதுக்குப் பின்னால் குழாய் புடைத்திருந்த இடத்தையும் காட்டினேன். அப்படியே ரப்பரைப் பற்றிச் சொன்னேன், வெடித்தால் தூள் பரவும் என்று சொன்னேன், மூச்சு அடைக்கலாம் என்று சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

மச்சாள் தொப்பியை எடுத்துப் பிள்ளைக்குத் திரும்பப் போட்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான கோபம் இருந்தது.

“இவ்வளவு பெரிசா வெட்டினவங்களோ? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? சின்னக் கட்டியெண்டுதானே சொன்னனீங்கள்!”

நானும் குகனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தக் கட்டியை உண்டாக்கி, ஒஸ்லோ முழுக்கப் பரப்பி, லண்டன் வரைக்கும் ரெலிபோனில் அனுப்பிவைத்தவர் இவர். எத்தனை பேருக்குச் சொன்னாரோ அத்தனை தடவை தானும் கேட்டு, கடைசியில் தானே நம்பிவிட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அழுதேன்.

“அக்கா,” என்றார் குகன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்னால் பார்த்தபடி. “நான் போய்ச் சொல்லப் போறன். நீங்கள் சொன்னாலும் சொல்லாட்டியும்.”

“நீ இரு” என்றார் மச்சாள். “உனக்குச் சொல்லத் தெரியாது.”

கதவைத் திறந்து இறங்கி, சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பனியில் விறுவிறு என்று நடந்தார்.

உள்ளே என்ன நடந்தது என்று தீபிகா பிறகு சொன்னாள். தாய் நேரே மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாராம். நம் மச்சாளிடம் மைக் அகப்பட்டால் திரும்ப வாங்குவது கடினம். “ஒருத்தரும் பலூனை வெடிக்காதேங்கோ, பிள்ளையளைப் பிடியுங்கோ” என்று தொடங்கி, முள்ளந்தண்டு, நரம்பு, தலைக் குழாய், கால், எல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறார். பாதியைப் பிழையாகச் சொன்னார் என்றாள் தீபிகா. மருந்துக்கடைக்காரி இடையில் எழும்பித் திருத்தினாளாம். திருத்திவிட்டு, “அம்மா, எனக்கே நீங்கள் சொல்லேல்லையே” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டாளாம். முன் வரிசை அசையவில்லையாம்.

எனக்குத் தெரிந்தது வெளியே நடந்ததுதான். மண்டபத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பின் கதவால் ஆட்கள் பலூன்களை அணைத்துத் தூக்கிக்கொண்டு, வெடிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஆனாலும் நான் உள்ளே போகவில்லை. கடைசியில் சனம் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தது. கை கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று தீபிகா வாசலில் நின்று விரட்டியிருக்கிறாள். பட்டுச் சீலைக்குக் கீழே பனிச் சப்பாத்து, கையில் வடையும் கேசரியும், முற்றத்தில் வரிசை. ஐயர் சால்வைக்கு மேலே யாருடைய பனிக் கோட்டையோ போட்டுக்கொண்டு வந்து ஆசீர்வதித்தார். லில்லெஸ்ட்ரோம் அம்மா தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்து, “வடிவான பிள்ளை” என்றார். பிறகு சாப்பாடு போட முதலே போய்விட்டார்கள்.

ஒரு கேள்வி

ஒரு கிழமையால் லில்லெஸ்ட்ரோம்காரரிடமிருந்து பதில் வந்தது. திரும்பப் பார்த்ததில் சாதகம் பொருந்தவில்லையாம். முதல் பொருந்திய சாதகம் எப்படி இடையில் மாறியது என்று கிரகங்களைத்தான் கேட்க வேண்டும். தீபிகா என்னிடம், “எனக்கு அந்த ஆளை அவ்வளவு பிடிக்கவும் இல்லை மாமி” என்றாள். அது உண்மையோ, எனக்காகச் சொன்னதோ இன்றைக்கும் தெரியாது. அவள் பிறகு வேறோர் இடத்தில் கலியாணம் செய்து நன்றாக இருக்கிறாள்.

பிறகு மச்சாளின் தொலைபேசி அழைப்பு வந்தது. உன் பிள்ளையால் என் பிள்ளையின் வாழ்க்கை போய்விட்டது என்பார், பதிலுக்கு நானும் சொல்லத் தயாராக நின்றேன். மச்சாள் காலநிலையைப் பற்றிக் கதைத்தார். மீன் கடையைத் திட்டினார். பிறகு, “ஆசுப்பத்திரிக்கு அடுத்தது எப்ப போறியள்? நானும் வாறன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வந்தார். வைத்தியர் ஆதிரையின் கால்களைப் பிடித்து மடக்கியும் நீட்டியும் பார்த்தார், உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். நான் இடுப்பைப் பற்றிக் கேட்டேன், குழாயைப் பற்றிக் கேட்டேன், தடுப்பூசியைப் பற்றிக் கேட்டேன். பிறந்த நாள் முதல் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன், ஒன்றை மட்டும் கேட்டதில்லை. குகனும் கேட்டதில்லை. மச்சாள் துப்புரவு வேலையில் பழகிய தன் நோர்வேஜியனில், இலக்கணமும் மரியாதையும் பாராமல், நடுவில் புகுந்து கேட்டார்:

“இவள் நடப்பாளா?”

வைத்தியர் கையில் இருந்த காலை மெதுவாகக் கீழே வைத்தார். இப்போதைக்குத் தெரியாது என்றார். காலைத் தாங்கும் கம்பிச் சப்பாத்தோடு கொஞ்சத் தூரம் நடக்கலாம். சக்கர நாற்காலியும் வேண்டி வரலாம். பொய் சொல்ல விரும்பவில்லை என்றார். மச்சாள் “தக்” என்று நன்றி சொல்லி எழும்பினார்.

அறைக்கு வெளியே நடைக்கு வந்ததும் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. லண்டனில் இருக்கும் தங்கை. நான் பிள்ளைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், பொத்தான் அகப்படவில்லை. மச்சாள் அந்த நீள நடையின் நடுவில் நின்று, சந்தையில் கதைக்கிற குரலில் சொன்னார்:

“ஓமடி, ஆசுப்பத்திரியிலைதான். இல்லை, கட்டியில்லை. முள்ளந்தண்டு மூடாமல் பிறந்தது. ஓம், பிறக்கேக்கையே. நடக்கிறது தெரியாதாம், இப்பத்தான் கேட்டனான்.”

எது அவர் வாயால் வரவேண்டும் என்று இவ்வளவு நாளாக நான் நின்றேனோ, அது வந்துவிட்டது. அதைக் காது கொடுத்துக் கேட்க எனக்குப் பெலன் இருக்கவில்லை. எரிந்து விழுந்தேன்.

“மெல்லக் கதையுங்கோ மச்சாள்! முழு ஆசுப்பத்திரிக்கும் கேக்குது.”

அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, மற்றக் கையால் ஆதிரையின் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டார்.

“கேக்கட்டும்” என்றார்.